சகாராவில் காடு

விருத்தாசலம் சந்திப்பில் ரயில் தாமதம். வெளியே பீங்கான் பொம்மைக் கடையில் ஓர் அம்மாள் உருண்டை உண்டியல்களில் உலக வரைபடம் தீட்டிக்கொண்டிருக்கிறார். சகாரா முழுக்க அடர்ந்த பச்சை. அரேபியாவும் அப்படியே. ரஷ்யா மட்டும் வெறும் வெள்ளை.

ஓய்வு பெற்றாலும் புவியியல் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? "உலகத்துக் காட்டுல பாதிக்கு மேல ஐந்தே நாட்டுலதான் இருக்கும்மா. ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா. சகாராவுல மணல்தான்" என்று பாடம் எடுக்கிறேன்.

"மணலுக்கு மஞ்ச பெயிண்டு வாங்கணுங்க. பச்சதான் மீந்து கெடக்குது" என்கிறார், பிரஷை நிறுத்தாமல். "ஏங்க ஐயா, அங்க மரம் இருந்தா உங்களுக்கு என்னா இடைஞ்சலு?"

இடைஞ்சல் என்று நானும் ஒரு மரத்தைச் சொன்னவன். பள்ளியில் படிக்கும்போது மகள் நட்டு வளர்த்த வேப்பமரம். கார் மேல் இலை கொட்டுகிறது என்று, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இப்போது திருச்சிக்கு, அழைக்காமலே அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அந்த அம்மாளிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"வூட்டு மரத்த வெட்டிப்புட்டு ரஷ்யா மரத்துக்குக் கணக்கு சொல்றீங்களாக்கும்!" என்று சிரிக்கிறார். "சரி, ரஷ்யாவுக்கும் பச்ச அடிச்சுத் தரட்டுங்களா?"

"வேண்டாம்மா. இப்படியே கட்டிக் கொடுங்க."

மகளுக்குத்தான். வாத்தியார் பெண் அவள். சகாராவில் ஏது காடு என்று சண்டைக்காவது வருவாள்.