எனக்கு மட்டும் கிடைக்காத பட்டம்

கலியாணமாகிப் போடிக்கு வந்த புதிதில் ஏலக்காய் மண்டி ஒன்றில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைச் சுளகில் கொட்டி, பருத்த பச்சைக் காய் தனி, வெளிறியது தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், பிறந்த ஊர்தான் பெயர். நான் சிலமலைக்காரி. எனக்கு எதிரில் உட்கார்ந்து ஓயாமல் வாயடிப்பவள் குரங்கணிக்காரி. எல்லாரையும் கேலி பேசுவாள், என்னைத் தவிர. அதை அப்போது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஊர் வியாபாரிகள் ஒன்றுகூடி, நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன ஒரு நடிகரை வரவழைத்து விழா எடுத்தார்கள். பட்டம், வெள்ளிக் கேடயம், ஏலக்காய் மாலை. மாலை கோக்கும் வேலையைக் கணக்கப்பிள்ளை என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே அளவாகக் காய் தேர்ந்து, வேறு யாரையும் தொடவிடாமல் நானே கோத்தேன். மற்றவர்கள் எட்டிப் பார்த்தால் கை படாமல் பாருங்கள் என்றேன்.

விழாவன்று நடிகர் வருவதற்குள் மடியில் கிடந்த பிள்ளைகளெல்லாம் தூங்கிவிட்டன. பொழுது சாய்ந்த பிறகும் அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தன்னை ‘நான்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ‘இந்தக் கலைஞன்’ என்றே பேசினார். இந்தக் கலைஞன் பட்டினி கிடந்தான், இந்தக் கலைஞன் பட்டத்துக்கு ஆசைப்பட்டதில்லை என்று போய்க்கொண்டே இருந்தது. கழுத்தில் விழுந்த மாலையைத் திரும்பியும் பாராமல் பின்னால் நின்ற கையாளிடம் நீட்டினார். அந்த ஆள் அதிலிருந்து ஒரு காயைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காத மாதிரி மேடையைப் பார்த்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கஞ்சி குடித்து முடித்ததும் மண்டியில் இன்னொரு விழா நடந்தது. குரங்கணிக்காரி காலிச் சாக்கைச் சால்வையாகப் போர்த்திக்கொண்டு மூட்டை மேல் ஏறி நின்றாள். இந்தக் கலைஞன் வந்து மூச்சு விட்ட பிறகுதான் உங்கள் காய்க்கு வாசமே வந்தது என்று அதே குரலில் ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. பிறகு பட்டம் கொடுக்கத் தொடங்கினாள். சுளகைப் பிடித்தபடியே கண் அசரும் கிழவிக்கு ‘உறங்கியே உழைக்கும் உத்தமி’. தினமும் நேரம் கழித்து வந்து பஸ்சு வரவில்லை என்று சொல்லும் ராசிங்காபுரத்துக்காரிக்கு ‘பஸ்சு காத்த பத்தினி’. சத்தம் கேட்டு அதட்ட வந்த கணக்கப்பிள்ளையையும் விடவில்லை. நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர் என்று அவருக்கும் ஒன்று கொடுத்தாள். அந்த மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் வந்த வழியே போய்விட்டார்.

அடுத்தது நான்தான் என்று காத்திருந்தேன். வெட்கப்படுவதற்கு முகத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சாக்கை மடித்து வைத்துவிட்டுச் சோலியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பொறாமை பொறுக்கவில்லை. நடிகருக்குக் கிடைத்த வெள்ளிக் கேடயத்தின் மேல் எனக்கு ஒரு துளி ஆசை வந்ததில்லை. ராசிங்காபுரத்துக்காரியைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் ‘பத்தினி வந்தாச்சு’ என்று நாலு பேர் வரவேற்றார்கள். அவளும் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் தாமதமாக வரத் தொடங்கினாள். நான் வந்தால் ‘வாம்மா’ என்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் சோறு இறங்கவில்லை. புருஷன் என்னவென்று கேட்டார். எவளோ ஒருத்தியைக் கேலி செய்கிறார்கள், என்னைச் செய்யவில்லை என்று எப்படிச் சொல்ல?

இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தண்ணீர் குடிக்க எழுந்த குரங்கணிக்காரியைப் பானையடியில் மறித்தேன்.

“ஏன்க்கா, எனக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலையே?”

அவள் செம்பைக் கீழே வைத்தாள். முகத்தில் கேலியே இல்லை. “நீ கோத்த மாலையத்தான் அந்தப் பய மென்னுட்டானே. பாவம், எதுக்கு நோகடிக்கணும்னு விட்டேன். அதோட மாலை கோக்கையில நீ அந்த நடிகரு கணக்காவே வெறச்சுக்கிட்டு உக்காந்திருந்த தாயீ. எனக்குப் பயமா இருந்துச்சு.”

பாவம் என்றது ஒரு அடி, நடிகர் என்றது இன்னொரு அடி. இரண்டாவதுதான் ஆழமாக விழுந்தது. மாலையைத் தொடாதீர்கள் என்று நான் சொன்ன குரல் எனக்கே கேட்டது. ஆனாலும் விடவில்லை. இப்போதாவது ஒன்று கொடுங்கள் என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மண்டி முழுவதும் கேட்கிற மாதிரித் திரும்பிக் கத்தினாள்.

“ஏ, இங்க ஒருத்தி பட்டம் குடுன்னு மனுக் குடுத்திருக்கா. அந்த நடிகருகூட இவ்வளவு தெகிரியமாக் கேட்டிருக்க மாட்டாரு.”

சுளகுகள் அப்படியே நின்றன. சிரிப்பு கூரையை முட்டியது. தூங்குகிற கிழவிகூட எழுந்து உட்கார்ந்து என்ன என்று விசாரித்துவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து சிலமலைக்காரி போய் ‘மனுக்காரி’ ஆனேன். மலையேறி எஸ்டேட் வேலைக்குப் போனவர்கள் பல வருஷம் கழித்துச் சந்தையில் பார்த்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டபோதெல்லாம் மனசு குளிர்ந்துதான் போயிற்று. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: என்னுடையது கேட்டு வாங்கியது, ராசிங்காபுரத்துக்காரிக்குக் கேட்காமல் கிடைத்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.