சுவிட்சுக்குள் வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆர்கெஸ்ட்ரா ஓனர் வாத்தியங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். வைக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? கீபோர்டுக்கு ஓரமாக ஒரு பொட்டு, ரிதம் பேடுக்கு ஒரு பொட்டு. நான் வாசிக்கிற எலெக்ட்ரிக் கிடாருக்கு மட்டும் அப்பித் தள்ளியிருந்தார். கம்பிக்குக் கீழே இருந்து சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் மூன்றின் மேலும் பூச்சு. எந்தப் பிக்கப் பேச வேண்டும் என்று மாற்றுகிற சுவிட்சின் பிளவுக்குள்ளே, தண்ணீர் ஒழுக ஒழுக ஒரு பெரிய உருண்டை. அவர் காசில் வாங்கிய கிடார்தான். அதற்காக?

மறுநாள் ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். கரகரவென்று ஓர் இரைச்சல், அப்புறம் அதுவும் இல்லை.

"என்னாண்ண, சுவிட்சுக்குள்ள போயி சந்தனத்த வெச்சிருக்கீங்க?"

"சாமிக்கு வெச்சதக் கொற சொல்லாத. பேசலன்னா வுட்டுத்தள்ளு. கீபோர்டுலயே கிடார் சவுண்டு இருக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடாருக்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்று அந்த வருஷம் முழுக்க ஜாடை பேசிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு வாய்விட்டே சொல்லிவிட்டார். கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாக் கச்சேரிக்குள் சரிசெய்யாவிட்டால் மேடையில் எனக்கு இடமில்லை.

பகலெல்லாம் பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டைக்குப் பித்தளை மாட்டிவிட்டு வந்து, சாயங்காலம் கிடாரைப் பிரித்தேன். சுவிட்சின் செம்புத் தகடுகளில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்தேன். தேய்த்ததில் வயர்கள் விட்டுப்போயின. ஆத்திரத்தில் முன்பிக்கப் வயரையும் பின்பிக்கப் வயரையும் இடம் மாற்றிப் பற்றவைத்துத் தொலைத்து, மறுபடி உருக்கி எடுத்துச் சரியாக வைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் தட்டிப் பார்த்தேன். மூன்றும் டொக்கு டொக்கென்று பதில் சொல்லின.

கச்சேரியன்று மேடையேறினால், என் இடத்தில் கிடாரை ஆம்ப்ளிஃபயரில் மாட்டுகிற வயரே இல்லை.

"கிடார் ஒயரு எங்கண்ண?"

"ஒயரு வேணாம்ப்பா. கீபோர்டுல வாசிச்சுக்குவாங்க. நீ மாட்டிக்கிட்டு வாசிக்கற மாதிரி நில்லு. கிடார் இல்லன்னா மேடை மொட்டையா இருக்குதுன்னு ஊர்க்காரங்க சொல்றாங்க."

"சரி பண்ணிட்டண்ண. ஒரு தடவ போட்டுப் பாருங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மைக்கை ஊதிக்கொண்டிருந்தார்.

"பொம்மையா நிக்கறதுக்கு நான் எதுக்கு? நான் வூட்டுக்குப் போறேன்."

"தாராளமா போ. கிடார மட்டும் குடுத்துட்டுப் போ. வேன் டிரைவரு மாட்டிக்கிட்டு நிப்பாரு."

டிரைவர் அதற்குள் தலையைச் சீவிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். மனுஷன் சும்மா கூட நிற்கவில்லை, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். என்ன அநியாயம் இது? தூக்கிப் போட்டு உடைத்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் அந்தக் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நானே மாட்டிக்கொண்டேன். முதல் பாட்டில் கிடார் வருகிற இடத்தில், கீபோர்டுக்காரர் வாசிக்க, முன்வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.