நடு அறைக் கம்ப்யூட்டர்

கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளை எழுத்தில் இரண்டே வரிகள். மேலே பெரியண்ணன் பெயர், கீழே சின்னண்ணன் பெயர். எந்த வரியில் நிறுத்தித் தட்டுகிறோமோ அந்த ஆளின் கம்ப்யூட்டராக அந்தப் பெட்டி விழித்துக்கொள்ளும். சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் நான். ஒரே பெட்டியில் இரண்டு ஓஎஸ், அதாவது பெட்டியை இயக்குகிற மென்பொருள், போட்டுக் கொடுப்பது எனக்கு அரைநாள் வேலை. ஆனாலும் யாராவது வந்து, "அக்கா, பழசும் இருக்கணும், புதுசும் வேணும்" என்று கேட்டால் இன்றைக்கும் என் பெரியப்பாவின் நடு அறை கண்முன்னால் வந்துவிடுகிறது.

பெரியம்மா இறந்து வருஷம் திரும்புவதற்குள் அவருடைய மகன்கள் இரண்டு பேரும் தறிக்கூடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அண்ணன்மார்தான் என்றாலும் அவர்களுக்கு 'ர்' போட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். தறிக்கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது. வீட்டில் கிழக்குப் பாதி மூத்தவனுக்கு, மேற்குப் பாதி இளையவனுக்கு. நடு அறை மட்டும் பெரியப்பா இருக்கிறவரை அவருக்கு. அந்த அறைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதவு. அண்டா, குத்துவிளக்கு வரைக்கும் பிரிந்து முடிந்தபின், பெரியப்பா வாங்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் மிஞ்சியது. மூத்தவன் சேலைக் கரைக்கு டிசைன் போடுகிற மென்பொருள் அதிலிருந்த பழைய விண்டோஸில்தான் ஓடும். இளையவனுக்கு டிக்கெட் புக்கிங் வேலை. அந்தப் பழசை வைத்துக்கொண்டு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆளுக்கொன்று வாங்க வக்கில்லாதவர்கள் இல்லை. வெறும் வீம்பு. "அப்பா வாங்குனதுல எனக்கும் பங்கு உண்டுல்லா" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

பெரியப்பா வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு வந்தார். "ஏட்டி, ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு பேருக்கும் தனித்தனியா வச்சுக் குடுக்கலாமாமே?"

"குடுக்கலாம் பெரியப்பா. அதுக்கு ஆளுக்கொண்ணு வாங்கிப் போட்டா சள்ளை விட்டுதுல்லா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "கூறுகெட்டவளே, ஆளுக்கொண்ணு வாங்கிட்டா எவன் என் ரூமுக்கு வருவான்? பெட்டி என்கிட்ட கெடக்கட்டும். வேணுங்கவன் வந்துதானே ஆவணும்? ஒருநா இல்லாட்டி ஒருநா ரெண்டு பேரும் எதுக்க எதுக்கப் பாத்துக்கிடுவானுவ. ஒரு வார்த்தை பேசிக்கிட்டா போதும் மக்கா, நான் நிம்மதியாக் கண்ண மூடிருவேன்."

அடுத்த நாள் காலையே போய் உட்கார்ந்தேன். இருப்பதையெல்லாம் வெளியே பிரதி எடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கில் விண்டோஸின் இடத்தைச் சுருக்கி, மீதியில் இளையவனுக்கு லினக்ஸ் என்கிற இன்னொரு ஓஎஸ் போட்டேன். அந்தக் கிழட்டுப் பெட்டி தாங்குவது அதைத்தான். முதலிலேயே, ஒரே ஓஎஸ்ஸில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளுங்களேன் என்று சொல்லிப் பார்த்திருந்தேன். "அவன் வாசல் வழியா நான் நுழையணுமாக்கும்? எனக்குத் தனி வாசல் வேணும்" என்றான் சின்னண்ணன். சரி, தனி வாசல் வைத்தாயிற்று. அப்புறம் வந்தது வினை. திரையில் இரண்டு வரி வரும் என்றால் எது மேலே? "மூத்தவன் பேருதான் மேல வரணும், அதுதான் முறை" என்று கிழக்குக் கதவில் நின்று பெரியண்ணன் சொன்னான். செய்தேன். யாரும் எதையும் தட்டாவிட்டால் சற்று நேரத்தில் மேல்வரி தானாகத் திறந்துகொள்ளும் என்று நான் விளக்கியதுதான் தாமதம், மேற்குக் கதவிலிருந்து சின்னண்ணன் என்னைப் பார்த்துக் கத்தினான்: "அப்ப சும்மா விட்டா எல்லாம் அவனுக்குப் போயிரும், அப்படித்தானே? தறிக்கூடத்துலயும் இப்படித்தான் போச்சு!"

கோயிலில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் முதல் வரிக்கு அடித்துக்கொண்டவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நம்ம கோயில்ல ரெண்டு சாமி ஒரே உடம்புல நிக்க ஊருலே இது! உங்களுக்கு ஒரு பெட்டி பத்தலையோ?" என்று பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில், யாராவது ஒரு வரியைத் தேர்ந்து தட்டுகிறவரை எதுவும் திறக்காமல் அப்படியே காத்து நிற்கும்படி மாற்றி வைத்தேன். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன.

காலையில் ஒருவன், மாலையில் ஒருவன் என்று முறை வைத்துக்கொண்டார்கள்; வாரம் மாறினால் முறையும் மாறும். காபி குடித்ததும் பெரியப்பாவே பெட்டியைப் போட்டுவிடுவார். உள்ளே இருக்கும் காற்றாடி இரைகிற இரைச்சல் இரண்டு பக்கமும் கேட்கும். பிறகு யாருடைய முறையோ அவன் கதவருகே போய், "ஏலே, போட்டாச்சு, வா" என்பார். "வரியத் தட்டுனாத்தான் மிச்சம் ஓடும், முன்கூட்டியே போட்டு என்ன பிரயோசனம்?" என்று நான் கேட்டால், "பிள்ள காத்துக் கெடக்க வேண்டாம்லா" என்பார். வந்தவன் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போவான். அந்த முதுகோடுதான் அவர் பேசிக்கொண்டிருப்பார். இரைச்சல் கேட்டால் மற்றவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். அவன் முகத்தில் விழித்துவிடக் கூடாதாம். ஒருநாள் பெரியப்பா கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, பெரியவன் 'அவன் வந்தானா'ன்னு கேட்டாம்ட்டி!" நாற்காலி காலியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அவன் கேட்டிருப்பான். அதை நான் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்ல வாய் வராது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். பெரியப்பா வழக்கம்போலப் பெட்டியைப் போட்டிருக்கிறார். இரைச்சல் கிழக்கேயும் கேட்டிருக்கிறது, மேற்கேயும் கேட்டிருக்கிறது. கூப்பிடுகிற சத்தம் மட்டும் வரவில்லை. அப்பா அவனைக் கூப்பிட்டுவிட்டார்போல என்று மூத்தவன் நினைத்தான். இளையவனும் அப்படியே நினைத்தான். வாரம் மாறுகிற நாள், முறையும் குழப்பம். அவன் எழுந்து போகட்டும் என்று காலை முழுக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடவில்லை.

மதியம் மீன்குழம்பு கொடுத்துவிட்டு வரலாம் என்று தூக்குச்சட்டியோடு நான்தான் போனேன். பெரியப்பா நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவே தரையில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இருந்தது. மேசைமேல் அந்தக் கறுப்புத் திரையில் இரண்டு வரிகளும் அப்படியே நின்றன. ஒருவன் உள்ளே வந்திருந்தாலும் இரண்டில் ஒன்று திறந்திருக்கும். நான் போட்ட கூப்பாட்டில் இரண்டு கதவும் திறந்தன. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். காலையிலேயே விழுந்திருக்க வேண்டுமாம். அந்த மனுஷன் பேச முடியாமல், இரண்டு கதவையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

ராத்திரியே உயிர் போய்விட்டது. மறுநாள் அவரை நடு அறையில் இடம் ஒதுக்கிக் கிடத்தினார்கள். தலைமாட்டில் பெரியண்ணன், கால்மாட்டில் சின்னண்ணன். நான் தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் பெரியண்ணன் தலைநிமிராமலே சொன்னான்: "நீ உள்ள இருக்கேன்னுல்லா நெனச்சேன்."

சின்னண்ணன் உடைந்துபோய், "நானும் நீ இருக்கேன்னுதாண்ணே நெனச்சேன்" என்றான்.

நான் குனிந்து, துணி கட்டியிருந்த அந்தக் காதோரமாக, "பேசிட்டானுவ பெரியப்பா" என்றேன்.