ஃபிர்அவ்ன் யார்?

கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே அமர்ந்திருந்த அந்த அம்மா, உடைந்த கண்ணாடியை நூலால் கட்டியிருந்தார். குர்ஆனில் ஒரு வசனம் படித்ததும், அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் வெளியே பார்த்தார். இயந்திரக் கையேடுகளை வரிசையாகப் படித்துப் பழகிய எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

"புரியலையாம்மா?" என்றேன்.

"மூஸா நபியைத் துரத்துன ராஜா ஃபிர்அவ்ன் கதை பாப்பா. இதுல வர்றவங்க எல்லாம் உனுக்குள்ளதான் கீறாங்க, தேடிப் பாருன்னு தர்காவுல எங்க ஷேக் சொல்வாரு. நான் இத்தினி நாளு மருமவதான் ஃபிர்அவ்னுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"இப்போ?"

"நான்தான். அவளைத் தொரத்துனது நான்தானே? எண்ணூர்ல அம்மா வூட்டுல கீறா. கூப்புடப் போறேன்."

"வரலேன்னா?"

"வாசல்லயே குந்திக்குவேன். ராஜாவா போனாத்தானே ரோசம்?"

எண்ணூரில் இறங்கியதும் நடைமேடையிலேயே மருமகளுக்குப் போன் செய்தார். என்ன பதில் வந்ததோ தெரியவில்லை. ரயில் நகர்ந்தபோது பார்த்தேன், அவர் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருந்தார்.