ரேடியோ டீச்சர் வாயை மூடிய வகுப்பு

அந்தப் பள்ளியின் உயிரியல் ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பட்டப்பெயர் ரேடியோ. மணி அடித்ததும் ஆரம்பிப்பார், அடுத்த மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாருக்கே செரிமானப் பாடம் மனப்பாடம் என்று ஒரு கேலி உண்டு. பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவர், பயிற்சி வகுப்பு ஒன்றில் பார்த்த குழுக் கற்றல் புத்தகத்துக்காகத் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி நின்றார். அதில் ஒவ்வொரு பாடமும் நான்கு துண்டு. நால்வர் குழுவில் ஆளுக்கொரு துண்டைப் படித்து மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். ஆசிரியர் குறுக்கே வரக்கூடாது. தான் தொண்டை வறளப் பேசியும் கடைசி பெஞ்சில் ஒருத்திகூட வாய் திறக்காதது அவரை அவ்வளவு நாளாக அரித்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியரோ, ஒரு வகுப்பைப் பார்க்கிறேன், சரிப்படவில்லையென்றால் புத்தகமெல்லாம் அலமாரிக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அவர் வந்து உட்கார்ந்த அன்று இதயப் பாடம். ஜன்னலோரக் குழுவில் தபால்காரர் மகளுக்குக் கிடைத்தது கீழறைகள் பற்றிய துண்டு. இடது கீழறையின் சுவர்தான் தடிமன் என்று வாசித்தாள். படத்திலோ தடித்த சுவர் வலப்பக்கம் இருந்தது. அச்சுப்பிழை என்று தீர்ப்புச் சொல்லி, ‘இடது’ என்பதைப் பேனாவால் அடித்து ‘வலது’ என்று எழுதினாள். மற்றவர்களும் அடித்தார்கள்.

தலைமையாசிரியர் ரேடியோவை முறைத்தார். ரேடியோவுக்கு நாக்கு துறுதுறுத்தது. சாக்பீஸை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் குழுவில் ரத்தக்குழாய்களைப் படித்தவள் கடைசி பெஞ்சு ஊமைக்கோட்டான். அவள் துண்டிலும் பெருந்தமனி இடது கீழறையிலிருந்துதான் கிளம்பியது; படத்திலோ அதுவும் வலப்பக்க அறையிலிருந்து. ஒரே பிழை இரண்டு இடத்திலா என்று யோசித்தவள், எழுந்து நின்று, படம் வெளியே தெரியப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

“இது எதிர்ல நிக்கிற ஆளோட இதயம்டி. அவங்களுக்கு இடது, நமக்கு வலது. புத்தகம் சரி, நாமதான் தப்பு.”

தபால்காரர் மகள் அசடு வழிந்தபடி ‘வலது’வை அடித்தாள்.

வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர், தப்பு நடக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

“சொல்லியிருந்தா அவ எழுந்திருச்சிருக்க மாட்டா சார்.”

தலைமையாசிரியர் ஜன்னலோர பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த வகுப்புக்கும் இதே புத்தகத்தை வரவழைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை வருடம் பேசியதில் கிடைக்காத பெருமை, பேசாமல் நின்றதில் கிடைத்தது ரேடியோவுக்கு. ஆனால் அடக்கியது எங்கே போகும்? அன்று வீட்டில் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் ரேடியோ வகுப்புக் கதையை ஆரம்பித்தார். பாதிக் கதையில் கைக்குப் புத்தகம் அகப்படவில்லை. சோறு விழக் காத்திருந்த கணவரின் தட்டை எடுத்து, தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.