பின்னால் ஓடிய கார்

எங்கள் கார் பின்னால் ஓடியதற்கு என் அத்தையின் முகம்தான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். இதை எழுதும்போது இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது எனக்கு ஏழு வயது. மலேசியாவில் குளுவாங்கில் இருந்தோம். அம்மா விடியும் முன்பே பஸ் ஏறிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். எனக்குத் தலை பின்னிவிட்டது, சோறு ஊட்டியது எல்லாம் அத்தைதான். அப்பாவின் தங்கை. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தவர்.

அப்பா ஒரு பழைய ஆட்டோ கியர் கார் வாங்கினார். கியர் கம்பு லொடலொடவென்று ஆடியது.

"இது ஆடுதுண்ணே, பட்டறையில காட்டிடு" என்றார் அத்தை.

"லைசென்ஸ் இல்லாதவ எல்லாம் எனக்குப் பாடம் எடுக்காத லா" என்றார் அப்பா.

பூசை போடக் கோயிலுக்குப் போனோம். அப்பா ரிவர்ஸ் எடுத்துக் காரைச் சரியாக நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்சீட்டில் நான். டயருக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டார்கள். அத்தைதான் கடைக்கு ஓடி வாங்கி வந்து, மூச்சு வாங்கக் காருக்கு எதிரில் நின்றார். பூசாரி பழங்களை வைத்துவிட்டுக் கையசைத்தார். அப்பா கம்பை முன்னால் போகிற 'டி'-க்கு இழுத்து எண்ணெய்ப் பெடலை மிதித்தார்.

கார் பின்னால் பாய்ந்தது. முன்கண்ணாடி வழியே அத்தை கையை நீட்டிக்கொண்டு கத்துவது தெரிந்தது. அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு பின்சக்கரம் இரண்டும் சாக்கடைக்குள் இறங்கின. என் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம்.

"நல்ல காரியத்துல நீ எதுக்கு முன்னுக்கு வந்து நின்ன?" என்று எல்லோர் முன்னிலையிலும் அப்பா அத்தையிடம் கத்தினார். பழம் வாங்கி வந்ததே அவர்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், "வேற எடம் பாத்துக்க" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரைவிட அந்த வார்த்தைதான் பயமாக இருந்தது. அத்தை போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மறுநாள் பட்டறைக்கு அப்பாவோடு நானும் போனேன். கார் பழுது பார்க்கிற போமன் ஒரு சீனர். கம்பை பார்க்கிங் 'பி'-யில் வைத்துச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் சத்தமே போடவில்லை. கம்பை 'டி'-க்குத் தள்ளினார். மீட்டரில் ரிவர்ஸைக் காட்டும் 'ஆர்' விளக்குதான் எரிந்தது. எங்கே தள்ளினாலும் அதே 'ஆர்'. சிரித்துக்கொண்டே காரைத் தூக்கி, அடியில் படுத்து, உடைந்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றை எடுத்து வந்தார். கம்பிலிருந்து வரும் கேபிளைக் கியர்பெட்டியோடு பிடித்து வைக்கிற புஷ் அது. ரொம்ப நாளாகவே விரிந்திருந்தது, அதனால்தான் கம்பு ஆடியது, இப்போது உடைந்து கேபிள் கழன்றுவிட்டது, கியர்பெட்டி மட்டும் ரிவர்ஸிலேயே நின்றுவிட்டது என்று மலாயில் விளக்கினார். புதிய புஷ் போட்டதும் விளக்கு கம்போடு சேர்ந்து நகர்ந்தது.

அப்பா உடைந்த புஷ்ஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வழியில், "அப்போ அத்தை போக வேணாந்தானேப்பா?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு வா."

வீட்டில், "வண்டியில ஒண்ணும் இல்லன்னு போமனே சொல்லிட்டான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கை எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

துணி துவைக்கும்போது அத்தை சட்டைப்பையைத் துழாவினார். "என்னடி இது?" என்றார். வாசலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் குசுகுசுவென்று சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். "இத்துனூண்டா?" என்று சிரித்தார். அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, காரில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

அப்பா காரில் ஏறினார். ரொம்ப நேரம் காரை எடுக்கவில்லை. பிறகு இறங்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, மடித்த சேலைகளைப் பையில் அடுக்கிக்கொண்டே இருந்தார். மறுநாள் ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை தேடி வைத்திருந்தார், தங்க இடமும் தருகிறார்களாம்.

அதுதான் அத்தை ஜெயித்துவிட்டாரே, பிறகு எதற்குப் போகிறார் என்று பஸ் மறையும்வரை நான் அழுதேன்.