பெருநாள் கோழிக்கு வைத்த பூரணம்

மலாயாவில் நிபோங் திபாலைப் பின்னால் விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தோம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரைக் கணக்குத் தீர்த்துக் கப்பலேறச் சொன்ன வருஷம் அது. எனக்கு ஊரில் போய்ச் சேர யாரும் இல்லை. பக்கத்து லயத்து வீட்டில் இருந்த ஒருவனும் கப்பலேற மறுத்தான். அவன் முஸ்லிம், ஏறக்குறைய என் வயது. பினாங்கில் ஏதாவது வேலை கிடைக்கும் என்று இருவரும் கிளம்பிவிட்டோம்.

நோன்பு மாதம். பகலில் அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கோ சாப்பிட எதுவும் கிடைக்கவில்லை. பட்டினி இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் அவனுடைய பட்டினிக்கு ஒரு பெயர் இருந்தது. பொழுது சாய்ந்து எந்தப் பள்ளிவாசலில் ஒதுங்கினாலும் அவனுக்குக் கஞ்சி வந்தது. "கூட வந்தவருக்கும் ஒரு கோப்பை ஊத்துங்கண்ணே" என்று அவன் சொன்ன பிறகே எனக்கு வந்தது. கஞ்சியில் குறையில்லை. அவன் சொல்லி வந்த கஞ்சி என்பதுதான் தொண்டையில் நின்றது.

படகேறி பினாங்குக் கரையில் இறங்கியபோது முப்பதாவது நோன்பு. இனிப் பிறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மறுநாள் பெருநாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் நுழைந்து வேலை கேட்டோம். அங்கே தாம்பாளங்களில் சுத்தம் செய்த முழுக்கோழிகள் வயிறு திறந்தபடி கிடந்தன. பெருநாள் விருந்துக்கென்று வியாபாரிகள் வீடுகளிலிருந்து சொல்லி வைத்தவை. உள்ளே பூரணம் வைத்துத் தைத்துப் பொரிக்கிற ஆள் காய்ச்சலில் விழுந்திருந்தான்.

"கோழிக்குள்ள வைக்கிறத வதக்கத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"தெரியும்" என்றோம் இருவரும். நான் சொன்னது பொய்யில்லை, தைப்பிங்கில் ஒரு துரை வீட்டுக் குசினியில் சமையலுக்குக் கொஞ்ச காலம் இருந்தவன். அவன் தன் உம்மா செய்வதைப் பார்த்ததோடு சரி.

"எனக்கு ஒரு ஆள்தான் வேணும் தம்பி. ஆளுக்கு ஒரு சட்டி வதக்குங்க. நோன்பு தொறந்ததும் வாயில வச்சிப் பாக்குறேன். எவன் சட்டி நல்லா இருக்கோ அவன் இங்கயே இருந்துக்கலாம். சோறும் உண்டு, படுக்க எடமும் உண்டு."

வெங்காயம், பொடியாக நறுக்கிய ஈரல், பச்சை மிளகாய், வறுத்த தேங்காய்ப் பூ, உலர்ந்த திராட்சை. இருவருக்கும் ஒரே சாமான்கள்தான். ஆனால் அந்தக் குசினியில் நோன்பில்லாத வாய் என்னுடையது ஒன்றே. அவன் ருசி பார்க்க முடியாது, நான் பார்க்கலாம். இந்த ஒரு முறையாவது பட்டினி என் பக்கம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஒரு துளி உப்புப் போடுவேன், ஒரு வாய் பார்ப்பேன். இன்னும் கொஞ்சம் போட்டு இன்னொரு வாய் பார்ப்பேன். உப்புப் பார்க்கிற சாக்கில் பசியையும் கொஞ்சம் தீர்த்துக்கொண்டேன். அவன் உப்பை ஒரே தடவை கைநிறைய அள்ளிப் போட்டான். பிறகு மூடியைத் திறந்து ஆவியை முகர்ந்தான், வெங்காயத்தை விரலில் நசுக்கிப் பார்த்தான், அவ்வளவுதான். அவன் சட்டியிலிருந்து வந்த நல்ல வாசனையைச் சகிக்க முடியாமல் நான் என் அடுப்பை இன்னும் நெருங்கி நின்றேன்.

கடைசியில் ஒரு சிட்டிகை எடுத்து வாழையிலைத் துண்டில் நீட்டினான். "மச்சான், உப்பு பாரேன்."

வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. "பத்தல" என்றேன். என் நாக்குக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

உப்புச் சாடிக்குப் போன அவன் கை பாதியில் நின்றது. என் முகத்தைப் பார்த்தான்.

"ஏன், போடலியா?"

"இருக்கட்டும் மச்சான். தோட்டத்துலேர்ந்து இந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டேதானே நடந்து வந்தேன்" என்று சிரித்தபடி சட்டியை மூடிவிட்டான்.

எரிச்சல் உச்சிக்கு ஏறியது. நிஜம் சொல்லியும் நம்பவில்லையே.

பாங்கு சொன்னதும் முதலாளி பேரீச்சம்பழம் தின்று, கஞ்சி குடித்து, என் சட்டியைத்தான் முதலில் திறந்தார். ஒரு வாய் மென்றார். தண்ணீர்க் குவளையைத் தேடினார்.

"கடல்ல நின்னு வதக்குனியா தம்பி?"

குசினியே சிரித்தது. அவனுடையதை வாயில் வைத்தவர் இன்னொரு கை எடுத்தார், மறுபடியும் எடுத்தார். "வாயக் கட்டினவன் சரியாப் போட்டிருக்கான். சும்மா சும்மா நாக்குல வச்சா நாக்கு செத்துப் போகும்லா. தெரியாதா உனக்கு?" என்றார் என்னிடம். பிறகு அவனைப் பார்த்து, "கெழங்கு அவிச்சுக் கொட்டி அவன் சட்டியச் சரி பண்ணு" என்றார். என் சட்டியைச் சரிசெய்கிற வேலையும் அவனுக்கே போயிற்று.

சாப்பிட உட்கார்ந்தோம். சூடான தேநீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, சோற்றின் மேல் அவன் வைத்த பூரணத்தை எடுத்தேன். ஈரல் மெத்தென்று இருந்தது. திராட்சை ஊதிப் பருத்து, கடித்தால் உடைந்தது. உப்பு அளவாக இருந்தது. ஒவ்வொரு கவளத்திலும் ஒரு குறை தேடினேன். மிளகாய்க் காம்பு ஒன்றாவது அகப்படக்கூடாதா?

"இன்னும் வைக்கவா மச்சான்?" அதற்குள் கரண்டி பிடிக்கிற தோரணையும் வந்துவிட்டது அவனுக்கு.

"வை."

அதையும் வழித்துத் தின்றேன். அவ்வளவு நல்ல சாப்பாடு அதற்கு முன் எப்போது சாப்பிட்டேன் என்று நினைவில்லை. அதுவே பொறுக்கவில்லை.

"மொதலாளிகிட்ட சொல்றேன், இன்னிக்கு இங்கயே படு" என்றான்.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு ஒரு துணிக்கடையின் வாசல் நடையில் போய்ப் படுத்தேன்.

விடிந்ததும் தெருவெல்லாம் புதுச் சட்டையும் அத்தரும் பள்ளிவாசல் பக்கம் போயின. நான் எதிர்த்திசையில் கடற்கரைக்கு நடந்தேன். தோணிகளிலிருந்து மூட்டை இறக்குகிறவர்கள் பலரும் தொழப் போயிருந்தார்கள். அரிசி வந்த தோணி சும்மா நின்றது. அதன் மேஸ்திரி என்னைப் பார்த்து, "பெருநாளுக்குப் போகலியா?" என்றார்.

"நமக்கு இல்லண்ணே."

"அப்ப ஏறு."

சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறினேன். முதல் மூட்டையை இறக்கும்போது, அவன் இந்நேரம் கோழியைத் தைத்துப் பொரித்திருப்பான் என்று நினைத்தேன். அடுத்த மூட்டைக்கும் அதையே நினைத்தேன்.